வீட்டிலேயே நாயைக் குளிப்பாட்டுதல், சீவுதல், நகம் வெட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஜபாளையமோ லாப்ரடாரோ, தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்க்கும் நாட்டு நாயோ, குளிப்பாட்டும்போது வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். தமிழ்நாட்டு வெயில், புழுக்கம், போர் தண்ணீர், உண்ணி ஆகிய நான்கையும் மனத்தில் வைத்துக் கீழே பதில் எழுதியிருக்கிறோம்.

நாயை எத்தனை நாளைக்கு ஒருமுறை குளிப்பாட்டலாம்? வாரம் ஒருமுறை சரியா?

பெரும்பாலான நாய்களுக்கு அது அதிகம். நமக்கு உடம்பெல்லாம் வேர்த்து வழிகிறது, குளிக்காமல் முடியாது. நாய்க்கு அப்படி வேர்ப்பது உள்ளங்காலில் மட்டும்தான். உடல் சூட்டை அது நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் தணிக்கிறது. அதன் தோலில் ஊறும் எண்ணெய்ப் பசைதான் முடிக்குப் பளபளப்பு, தோலுக்குக் காப்பு. வாராவாரம் ஷாம்பு போட்டு அதைக் கழுவிவிட்டால் தோல் வறண்டு செதில் உதிரும், நாய் சொறிய ஆரம்பிக்கும். சொறிவதைப் பார்த்து ‘அழுக்கு’ என்று மறுபடி குளிப்பாட்டுவார்கள். தோல் தொந்தரவு பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, நாட்டு நாய் போன்ற குட்டை முடி நாய்களுக்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை போதும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியனுக்கு 3, 4 வாரம். முடி வளர்ந்துகொண்டே இருக்கும் ஷிட்சூ, லாசா ஆப்சோ வகைகளுக்கு 2, 3 வாரம். இடையில் சேற்றில் புரண்டு வந்தால் வெறும் தண்ணீரில் கழுவித் துவட்டுங்கள், ஷாம்பு வேண்டாம். படுக்கையில் ஏறுகிற நாய் என்றால் தினமும் ஈரத்துணியால் நாலு காலையும் வயிற்றையும் துடைத்துவிடுங்கள்.

குட்டியை எப்போது முதன்முதலாகக் குளிப்பாட்டலாம்?

8 வாரம் ஆகும்வரை வேண்டாம். அதற்குள் அழுக்கானால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காயவைத்தால் போதும். குட்டியின் உடம்பால் தன் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ள முடியாது. ஈரத்தோடு மின்விசிறிக்கு அடியில் விட்டால் நடுங்கிச் சோர்ந்துவிடும். தடுப்பூசி போட்ட அன்றும் மறுநாளும் குளியல் வேண்டாம், ஊசிக்குக் காய்ச்சலோ சோர்வோ வரலாம்.

முதல் குளியலை 5 நிமிடத்தில் முடியுங்கள். அதைவிட முக்கியமானது, குளியலுக்கு முன்பே தினமும் அதன் பாதத்தைப் பிடித்து விரலை விரித்துப் பார்ப்பது, காதைத் தூக்குவது, உதட்டை விலக்குவது. குட்டியில் இதற்குப் பழகிய நாய் 40 கிலோவாக வளர்ந்த பிறகும் நகம் வெட்ட நிற்கும்.

எந்த நேரத்தில் குளிப்பாட்டுவது? தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கலாம்?

காலை 9 மணிக்கு மேல், மதியத்துக்குள். காய்வதற்கு வெளிச்சமும் காற்றும் மிச்சம் இருக்கும். மாலையில் குளிப்பாட்டினால் ராத்திரி ஈரத்தோடு படுக்கும்.

தண்ணீர் நம் முழங்கையின் உள்பக்கம் ஊற்றிப் பார்த்தால் சூடாகவும் தெரியக்கூடாது, ஜில்லென்றும் இருக்கக்கூடாது. கோடையில் ஒரு ஆபத்து உண்டு: மொட்டைமாடி பிளாஸ்டிக் டேங்க்கிலும் வெயிலில் கிடக்கும் ஹோஸ் பைப்பிலும் நிற்கும் தண்ணீர் மதியம் கையைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். ஹோஸை நேராக நாய் மேல் திருப்பாதீர்கள். காலையிலேயே வாளியில் பிடித்து நிழலில் வையுங்கள்.

நாம் போடும் சோப்பு, ஷாம்பு போடலாமா? பேபி ஷாம்பு மிருதுவானதுதானே?

நம் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலை, 7-ஐ ஒட்டியது. அதோடு நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. குளியல் சோப்புக் கட்டிகள் பெரும்பாலும் காரம் மிகுந்தவை, பிஎச் 9, 10 வரை போகும். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. திரிதிரியாக முடியில் ஒட்டிக்கொள்ளும், அலசினாலும் போகாது. அந்தப் படிவுதான் பிறகு அரிக்கிறது. பேபி ஷாம்பு கண்ணை எரிக்காமல் இருக்கச் செய்தது. அவசரத்துக்கு ஒருமுறை போட்டால் ஒன்றும் ஆகாது, வழக்கமாக்க வேண்டாம். நாய்க்கென்று விற்கும், வாசனை குறைந்த சாதாரண ஷாம்பு போதும். விலை உயர்ந்தது என்பதற்காகத் தனிப் பலன் ஏதும் இல்லை.

சீயக்காய், கடலை மாவு, மஞ்சள், வேப்பிலை? டெட்டால் இரண்டு சொட்டு விடலாமா?

சீயக்காய்த் தூள் கண்ணில் பட்டால் நமக்கே எப்படி எரியும் என்று தெரியும். நாய் தலையை உதறும்போது அதன் கண்ணிலும் நம் கண்ணிலும் படும். கடலை மாவு, பச்சைப்பயறு மாவு குட்டை முடி நாய்க்குப் பரவாயில்லை. ஆனால் அடர்ந்த உள்முடி உள்ள நாய்க்குப் போட்டால் மாவு அடியில் தங்கிவிடும், ஈரத்தோடு சேர்ந்து புளித்துப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். வேப்பிலை கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் கடைசியாக ஊற்றுவதில் கெடுதல் இல்லை, உண்ணி அதற்கெல்லாம் சாகாது. மஞ்சள் வெள்ளை முடியில் கறையாக நிற்கும், அவ்வளவே.

டெட்டால், ஃபீனைல், தரை துடைக்கும் திரவம் எதுவும் நாயின் உடம்புக்கு ஆகாது. தோலை எரிப்பது ஒரு பக்கம். நாய் தன் உடம்பை நக்கும், மேலே பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். டீ ட்ரீ எண்ணெய் ‘இயற்கை’ என்று விற்கப்படுகிறது. அடர்த்தியாகத் தடவினால் நாய் தள்ளாடி விழும் அளவுக்கு நஞ்சு. தேங்காய் எண்ணெய் நஞ்சில்லை. ஆனால் தலையிலிருந்து வால்வரை தடவினால் தூசி அப்பிக்கொள்ளும், நக்கினால் வயிற்றுப்போக்கு வரும். வெடித்த உள்ளங்காலிலோ முழங்கைக் காய்ப்பிலோ ஒரு சொட்டு தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குளிப்பதற்கு முன் சீவுவதா, குளித்த பிறகா?

முன்னால் கட்டாயம் சீவ வேண்டும், காய்ந்த பிறகு இன்னொரு முறை. சிக்கு விழுந்த முடி நனைந்தால் கம்பளி நூல் போல இறுகிவிடும். அதன் அடியில் ஷாம்பு தங்கும், ஈரமும் காயாது. ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் குளியலை விட்டுவிட்டுச் சீவுங்கள். அதற்கே பாதி அழுக்கும் வாடையும் போய்விடும்.

எந்த நாய்க்கு எந்தச் சீப்பு என்பதில்தான் பணம் வீணாகிறது. ராஜபாளையம், கன்னி, பக், பாக்ஸர் போன்றவற்றுக்கு முள்முள்ளான ரப்பர் கையுறையோ ரப்பர் பிரஷோ போதும். கம்பிப் பிரஷ் போட்டால் தோல் கீறிச் சிவந்துவிடும். லாப்ரடாருக்கு ரப்பர் பிரஷ், உதிரும் காலத்தில் உள்முடி வாரும் ரேக். ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டனுக்கு ரேக்கும் வளைந்த மென்கம்பி ஸ்லிக்கர் பிரஷும். ஷிட்சூ, லாசாவுக்கு ஸ்லிக்கரோடு ஒரு இரும்புச் சீப்பு கட்டாயம். பிரஷ் மேலாக்க மட்டும் வழுக்கிப் போகும், சீப்பு தோல்வரை இறங்கினால்தான் சிக்கு இல்லை என்று அர்த்தம். முடியை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வகிடு வகிடாகச் சீவுங்கள். ஸ்லிக்கரை அழுத்தினால் தோல் சிராய்க்கும். உங்கள் முன்கையில் ஒருமுறை இழுத்துப் பார்த்தால் எவ்வளவு அழுத்தம் என்று புரிந்துவிடும்.

நீள முடி நாய்க்குத் தினமும் 10 நிமிடம், மற்றவற்றுக்கு வாரம் இரண்டு முறை.

சரி, குளிப்பாட்டும் முறை என்ன?

எல்லாவற்றையும் முதலில் எடுத்து வையுங்கள். பாதிக் குளியலில் துண்டு எடுக்க உள்ளே போனால் நுரையோடு நாயும் உள்ளே வரும். 30 கிலோ நாய்க்கு 15 லிட்டர் வாளி மூன்று, ஒரு மக், ஷாம்பு கலக்கப் பழைய பாட்டில், இரண்டு தேங்காய்ப்பூத் துண்டு, காதுக்குப் பஞ்சு. காலடியில் ரப்பர் மேட்டோ நனைத்த சாக்கோ விரியுங்கள். குளியலறை டைல்ஸில் கால் வழுக்குவதால்தான் பல நாய்கள் குளியலுக்கே பயப்படுகின்றன, தண்ணீருக்கு அல்ல.

பஞ்சைச் சிறு உருண்டையாக இரண்டு காதின் வாயிலும் வையுங்கள், உள்ளே திணிக்காதீர்கள். ஷாம்புவை அப்படியே ஊற்றினால் ஊற்றிய இடத்தில் குவிந்துகொள்ளும், அலசவும் முடியாது. ஒரு பங்கு ஷாம்புவுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்துப் பாட்டிலில் குலுக்குங்கள். பெரிய லாப்ரடாருக்கே 30 முதல் 40 மில்லி ஷாம்பு போதும், பக்குக்கு 10 மில்லி.

முதலில் காலில் ஊற்றி, பிறகு முதுகு, வயிறு, வால் என்று நனையுங்கள். தலையில் எடுத்தவுடன் ஊற்றினால் அங்கேயே சண்டை ஆரம்பம். லாப்ரடார் போன்றவற்றின் வெளிமுடியில் தண்ணீர் ஒட்டாது. விரலால் முடியைப் பிரித்து, தோல் ஈரமானதை உறுதிசெய்துகொண்டு ஷாம்பு போடுங்கள். தெள்ளுப்பூச்சி இருக்கிற நாய்க்கு மட்டும் வரிசை மாறும்: முதலில் கழுத்தைச் சுற்றி நுரை வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் பூச்சியெல்லாம் தலைக்கு ஓடிவிடும்.

தேய்ப்பது முடி வளரும் திசையில். வட்டமாகக் கசக்கினால் நீள முடி சிக்காகும். அக்குள், தொடையிடுக்கு, விரலிடை, வாலடி ஆகிய இடங்களை விட்டுவிடாதீர்கள். முகத்துக்கு ஷாம்பு வேண்டாம், ஈரத்துணி போதும்.

அலசுவதற்குத் தேய்த்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். மேலிருந்து கீழாக ஊற்றிக்கொண்டே மறுகையால் முடியைப் பிழியுங்கள். வழவழப்பு போய், வடியும் தண்ணீர் தெளிந்து, நுரை ஒரு துளியும் வராமல் நிற்கும்வரை. வயிறும் அக்குளும் கடைசி. குளித்த மறுநாள் நாய் அரித்துக்கொண்டே இருந்தால் ஷாம்புவை மாற்றுவதற்கு முன் அலசியது போதுமா என்று யோசியுங்கள்.

துவட்டினால் போதாதா, டிரையர் வேண்டுமா?

குட்டை முடி நாய்க்குத் துண்டும் அரைமணி நேரக் காற்றோட்டமும் போதும். உள்முடி அடர்ந்த நாய்களில் மேலே காய்ந்தது போல் தெரியும், அடியில் மணிக்கணக்கில் ஈரம் இருக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அது இன்னும் மோசம். அந்த ஈரத்தில் ஒரே ராத்திரியில் கன்னத்திலோ பிட்டத்திலோ வட்டமாகச் சிவந்து, சீழ் கசிந்து, முடி கொட்டிய புண் வரும். ‘ஹாட் ஸ்பாட்’ என்பார்கள். காலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருந்தது மாலைக்குள் உள்ளங்கை அளவாகிவிடும், ஏனென்றால் நாய் அதை விடாமல் நக்கிக் கடிக்கும். அப்படி வந்துவிட்டால் சுற்றியுள்ள முடியை ஒட்ட வெட்டி, காற்றுப் படவிட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மேலே களிம்பையும் மஞ்சளையும் அப்பி மூடினால் அடியில் பரவும்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி, பிழிந்து எடுங்கள். டிரையர் குளிர்காற்றில் மட்டும், ஒரு அடி தள்ளிப் பிடித்து, உங்கள் மறு கை எப்போதும் நாயின் தோல்மேல் இருக்கட்டும். கைக்குச் சுட்டால் அதற்கும் சுடும். பக், ஷிட்சூ, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குச் சூடான காற்று கூடவே கூடாது. அவற்றால் இரைத்துச் சூட்டைச் சரியாக வெளியேற்ற முடியாது, மூடிய குளியலறைக்குள் சூடான டிரையர் போட்டால் உயிருக்கே ஆபத்து. அறைக் கதவைத் திறந்து வைத்து, மின்விசிறியைப் போட்டுச் சீப்பால் முடியைப் பிரித்துக் காட்டுவது மெதுவானாலும் நல்ல வழி.

காது மடலுக்குள், விரலிடையில், கழுத்துப் பட்டைக்கு அடியில் விரல்விட்டுப் பாருங்கள். பட்டையும் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

குளித்து முடித்ததும் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடி, நேராக மண்ணில் போய்ப் புரள்கிறதே?

ஈரத்தை உதறுவதற்கும், அடக்கிவைத்த பதற்றம் தீர்வதற்கும்தான். புதிய ஷாம்பு வாசனையும் அதற்குப் பிடிக்காது. காயும்வரை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், வேறு வைத்தியம் இல்லை.

குளிப்பாட்டி இரண்டு நாளில் மறுபடி நாறுகிறது. ஏன்?

ஈரமான நாய் வாடை வேறு, இது வேறு. தோலில் இயல்பாக வாழும் நுண்ணுயிரிகள் விட்ட பொருள்கள் தண்ணீரோடு சேர்ந்து காற்றில் எழுவதுதான் ஈர வாடை, காய்ந்ததும் போய்விடும். காய்ந்த பிறகும் நாறினால் எங்கிருந்து வருகிறது என்று மோந்து பார்த்துக் கண்டுபிடியுங்கள். காதிலிருந்து புளிச்ச வாடை, வாயிலிருந்து அழுகிய வாடை, வாலடியிலிருந்து கருவாட்டு வாடை, விரலிடையிலும் அக்குளிலும் பழைய மாவு போன்ற பிசுபிசுத்த வாடை. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் பூஞ்சை. தோல் கறுத்துத் தடித்து யானைத்தோல் போலவும் ஆகும். இவை எதற்கும் இன்னொரு குளியல் மருந்தல்ல. பவுடர் போட்டு மறைப்பது அதைவிட மோசம்: பவுடர் ஈரத்தில் கட்டிதட்டும், நாய் மூச்சோடும் இழுக்கும்.

மருத்துவர் மருந்து ஷாம்பு எழுதிக் கொடுத்தார். மூன்று முறை போட்டும் பயனில்லை.

போட்டவுடன் கழுவிவிட்டீர்களா? குளோர்ஹெக்சிடின், மைக்கோனசோல், கீட்டோகோனசோல் கலந்த ஷாம்புகள் தோலில் 10 நிமிடமாவது நிற்க வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து. முதலில் சாதாரண ஷாம்புவால் அழுக்கை எடுத்துவிட்டு, பிறகு மருந்து ஷாம்புவைப் புண் உள்ள இடத்தில் தொடங்கி உடம்பெங்கும் போடுங்கள். அந்தப் பத்து நிமிடம் நக்காமல் பிடித்து நிறுத்துவதுதான் வேலையே. சுவரில் கொஞ்சம் தயிர் தடவிவிட்டால் அதை நக்கிக்கொண்டிருக்கும். மருத்துவர் வாரம் இரண்டு முறை என்று எழுதியிருந்தால் முதல் கேள்விக்குச் சொன்ன கணக்கு இங்கே பொருந்தாது. நாயின் தோல் புதுப்பிக்க மூன்று வாரமாவது பிடிக்கும், அதற்குள் கைவிடாதீர்கள்.

உண்ணியைக் குளிப்பாட்டியே ஒழிக்க முடியாதா?

முடியாது. நம் ஊர் நாய்களில் இருக்கும் பழுப்பு உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் உடம்புக்கு வெளியேதான் கழிக்கிறது. இரத்தம் குடித்துப் பட்டாணி போல் உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பு, கதவுச் சட்டம், சாக்கு மடிப்பு என்று ஊர்ந்துபோய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் பொரித்து மறுபடி நாயைத் தேடி ஏறும். நாயை மட்டும் கழுவுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற கதை. உண்ணி ஷாம்பு அன்றைக்கு மேலே இருப்பதைக் கொல்லும். மறுநாள் ஏறுவதை அல்ல.

ஆகவே மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். நாய்க்கு மருத்துவர் சொல்லும் மாத்திரையோ கழுத்துப் பின்புறம் விடும் சொட்டு மருந்தோ. நாயின் படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுவது. சுவர் வெடிப்புகளைச் சிமெண்டு பூசி அடைப்பது. ஃபிப்ரோனில் போன்ற சொட்டு மருந்து தோலின் எண்ணெய்ப் பசை வழியாகத்தான் உடம்பெங்கும் பரவும், ஆகவே அதற்கு 2 நாள் முன்னும் 2 நாள் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. குளித்த கையோடு சொட்டு மருந்து விட்டுவிட்டு ‘மருந்து போலி’ என்று கடைக்காரரிடம் சண்டைபோடுகிறவர்கள் உண்டு. மாத்திரைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

உண்ணியைக் கொல்லும் அமிட்ராஸ் கரைசலை ஊற்றுவதானால் புட்டியில் உள்ள அளவை அப்படியே பின்பற்றுங்கள், ‘கொஞ்சம் கூடவே’ வேண்டாம். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், புண் இல்லாத தோலில் ஊற்றுங்கள், காயும்வரை நக்கவிடாதீர்கள். சிறு குட்டி, சர்க்கரை நோயுள்ள நாய், சிவாவா ஆகியவற்றுக்கு அதைத் தொடவே வேண்டாம். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்துகள் எதுவும் வாங்காதீர்கள், பூனையைக் கொன்றுவிடும்.

கையால் எடுப்பதானால் முனை கூர்ந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, மெதுவாக இழுங்கள். மண்ணெண்ணெய், கற்பூரம், தீக்குச்சிச் சூடு எல்லாம் நாயின் தோலைத்தான் புண்ணாக்கும். எடுத்ததை நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். காது மடலுக்குள், விரலிடையில், கழுத்துப் பட்டைக்கு அடியில்தான் நிறைய இருக்கும். உண்ணி இருந்த நாய் சாப்பிடாமல் படுத்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் இரத்தம் வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணிக் காய்ச்சலை ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் மருந்தில் அடங்கும்.

காதுக்குப் பின்னால் முடி சடையாகிவிட்டது. கத்தரிக்கலாமா?

கத்தரிக்கோல் வேண்டாம். சடையைத் தூக்கிப் பிடிக்கும்போது தோலும் கூடாரம் போல மேலே எழும்பும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள். தையல் போட வரும் நாய்களில் இது வழக்கமான காயம். முதலில் சோள மாவை (கார்ன்ஃபிளவர்) சடையில் தூவி, விரலால் பிய்த்துப் பிய்த்துச் சிறு கற்றைகளாக்குங்கள். சடையின் வேரை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு (இழுப்பு தோலுக்குப் போகக் கூடாது) நுனியிலிருந்து சீப்பால் பிரியுங்கள். பத்து நிமிடத்தில் அசையவில்லை என்றால் கிளிப்பரில் 10-ஆம் எண் பிளேடு போட்டு, சடைக்கும் தோலுக்கும் நடுவே தட்டையாகச் செலுத்தி எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடைப் புறங்கையில் வைத்துப் பாருங்கள். சூடாகிவிட்டால் ஆறவிட வேண்டும்.

வெயிலுக்கு மொட்டை அடித்துவிடலாமா?

ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், கோல்டன், பொமரேனியன், ஹஸ்கி ஆகியவற்றுக்குக் கூடாது. வெளிமுடி வெயிலை நேராகத் தோலில் படவிடாமல் காக்கிறது. மழித்தால் தோல் வெந்து சிவக்கும், சில நாய்களுக்கு முடி திரும்ப முளைக்க ஓராண்டுக்கு மேலாகும், அதுவும் திட்டுத்திட்டாக. இவற்றுக்கு உள்முடியை ரேக்கால் வாரி எடுத்தாலே காற்று உள்ளே போகும். ஷிட்சூ, லாசாவுக்குக் குட்டையாக வெட்டலாம், ஒரு அங்குல முடியாவது மிச்சம் வையுங்கள். எல்லா நாய்க்கும் அடிவயிறு, பாதத்தின் அடி, பின்பக்கம் ஆகிய இடங்களில் மட்டும் ஒட்ட எடுப்பதில் தவறில்லை.

நகம் வெட்டப் பயமாக இருக்கிறது. எங்கே வெட்டுவது?

தரையில் நடக்கும்போது டக்டக்கென்று சத்தம் கேட்டால் வெட்டும் நேரம் வந்துவிட்டது. நகத்துக்குள் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடும். வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னால் நிறுத்துங்கள். கறுப்பு நகத்தில் தெரியாது. அதனால் நுனியிலிருந்து சீவல் சீவலாக எடுங்கள். வெட்டிய பரப்பு முதலில் வறண்டு சுண்ணாம்பு போல் இருக்கும். நடுவில் ஈரமான கறுப்புப் புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். நாய்க்கென்று விற்கும் கத்தரி வடிவ நகவெட்டிதான் வேண்டும். நம் நகவெட்டி நகத்தைப் பிளந்துவிடும். மழுங்கிய வெட்டியும் அப்படித்தான்: வெட்டாமல் நசுக்கும், அந்த வலிக்குத்தான் நாய் கத்துகிறது.

காலின் உள்பக்கம் மேலே தனியாக நிற்கும் நகத்தை மறக்காதீர்கள். அது தரையில் தேயாது. வளைந்து வட்டமாகி, சதைக்குள்ளேயே குத்திக்கொள்ளும்.

இரத்தம் வந்துவிட்டால் பதறாதீர்கள், பார்க்கத்தான் நிறைய இருக்கும். சோள மாவை உள்ளங்கையில் கொட்டி, நகத்தை அதில் அழுத்தி 3, 4 நிமிடம் பிடியுங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். 20 நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள், உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் உறைவது குறைந்திருக்கலாம். ரொம்ப நீண்டுவிட்ட நகத்தை ஒரே நாளில் சரிசெய்ய முடியாது. வாரம் ஒருமுறை துளித்துளியாக வெட்டினால் உள்ளே உள்ள இரத்தக் குழாயும் மெல்லப் பின்வாங்கும். ஒரே நேரத்தில் 18 நகத்தையும் முடித்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு கால் போதும்.

காதைச் சுத்தம் செய்வது எப்படி?

சுத்தமாக இருக்கும் காதை விட்டுவிடுங்கள். கொஞ்சம் குறும்பி இருந்தால் நாய்க்கான காது திரவத்தை விட்டு, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து அரை நிமிடம் பிசையுங்கள், சளக் சளக்கென்று சத்தம் வரும். பிறகு நாயை உதறவிட்டு, விரலில் சுற்றிய பஞ்சால் எட்டும் அளவுக்கு மட்டும் துடையுங்கள். பட்ஸ் குச்சி கூடாது: நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்பக்கம் வளையும் வடிவம் கொண்டது, குச்சி அழுக்கை அந்த வளைவுக்குள் தள்ளிவிடும். தேங்காய் எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்ற வேண்டாம். காப்பித்தூள் போன்ற அழுக்கு, மஞ்சள் சீழ், தலையைச் சாய்த்தே வைத்திருப்பது, தொட்டால் கத்துவது ஆகியவை இருந்தால் எதையும் ஊற்றாமல் காட்டுங்கள்.

பல்?

நாய்க்கான பற்பசை மட்டும். நம் பற்பசையை அது துப்பாது, விழுங்கும். சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்குக் கொடிய நஞ்சு. உதட்டை விலக்கி வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும், உள்பக்கத்தை நாக்கே பார்த்துக்கொள்ளும். பசை இல்லையா, ஈரத் துணியை விரலில் சுற்றித் தேயுங்கள்.

பக்கின் முக மடிப்பு, ஷிட்சூவின் கண்ணோரக் கறை?

மடிப்பை விரித்து ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். இந்த இரண்டாவது துணியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஷிட்சூவின் கண்ணீர் காய்ந்து கறையாகாமல் இருக்கத் தினமும் பூளையை வெந்நீரில் நனைத்து ஆறிய பஞ்சால் எடுத்து, கண்ணுக்குள் குத்தும் முடியை மேலே சேர்த்துக் கட்டிவிடுங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தாலோ கருவிழி வெண்மையானாலோ அது கறைப் பிரச்சினை அல்ல, அவசரம்.

தரையில் பிட்டத்தைத் தேய்த்துக்கொண்டே போகிறது. வயிற்றுப் பூச்சியா?

பூச்சியாகவும் இருக்கலாம், ஆசனவாயின் இரு பக்கமும் உள்ள வாடைச் சுரப்பிகள் நிறைந்து அடைத்தும் இருக்கலாம். அதை வீட்டில் பிதுக்காதீர்கள். தப்பாக அழுத்தினால் உள்ளே வெடித்துச் சீழ் கட்டும். மருத்துவர் ஒருமுறை செய்துகாட்டட்டும். தொந்தரவு இல்லாத நாய்க்கு மாதாமாதம் பிதுக்குவதும் தேவையற்றது.

தண்ணீரைக் கண்டாலே கடிக்க வருகிறது.

கடிப்பதற்கு முன்பே நாய் சொல்லிவிடும்: உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உடம்பு விறைக்கும். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மறுநாள் வெறும் குளியலறையில் தீனி, அடுத்த நாள் காய்ந்த மக்கை உடம்பில் தொட்டுத் தீனி, பிறகு கால் மட்டும் நனைத்துத் தீனி என்று இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளலாம். வாய்க்கூடு மாட்டுவதானால் வாய் திறந்து இரைக்க இடமுள்ள கூடை வகை மட்டும். துணியால் வாயைக் கட்டிக் குளிப்பாட்டினால் மூச்சு முட்டும். எப்போதும் சாதுவாக இருந்த நாய் திடீரென்று ஒரு இடத்தைத் தொட்டால் மட்டும் சீறுகிறது என்றால் அங்கே வலி இருக்கிறது.

பல் பட்டுவிட்டால், சொந்த நாயே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எப்போது குளிப்பாட்டவே கூடாது?

காய்ச்சல், வாந்தி, சோர்வு இருக்கும்போது. அறுவை சிகிச்சையோ கருத்தடையோ செய்து தையல் பிரிக்கும்வரை, அதாவது 10 முதல் 14 நாள். குட்டி போட இருக்கும் கடைசி வாரங்களில். வயிறு நிறையச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள். ஓடி விளையாடி இரைத்துக்கொண்டு வந்த உடனே வேண்டாம், மூச்சு அடங்கட்டும். ஆனால் வெயிலில் மயங்கி, உமிழ்நீர் வழிந்து தள்ளாடுகிற நாய்க்கு இந்த விதி கிடையாது. அதன் மேல் உடனே சாதாரணத் தண்ணீரை ஊற்றி, மின்விசிறியில் காட்டிக்கொண்டே மருத்துவரிடம் தூக்கிப்போங்கள்.

மழைக்காலத்தில் குளிப்பாட்டாமலே விடலாமா?

ஐப்பசி, கார்த்திகையில் வெயிலே எட்டிப் பார்க்காத வாரங்கள் வரும். அப்போது முழுக் குளியலைத் தள்ளிப்போட்டுத் தினமும் சீவுங்கள். தெருவில் தேங்கிய தண்ணீரில் நடந்து வந்தால் நாலு காலையும் குழாய்த் தண்ணீரில் கழுவி, விரலுக்கு விரல் துணியை விட்டுத் துடையுங்கள். உள்ளங்கால் நடுவே வளரும் முடியை அந்த இரண்டு மாதமும் ஒட்ட வெட்டி வைத்தால் சேறும் ஈரமும் தங்காது. விரலிடை சிவந்து, நாய் ஓயாமல் பாதத்தை நக்கி முடியைச் செம்பட்டையாக்கினால் பூஞ்சை பிடித்துவிட்டது. மழை விடட்டும் என்று காத்திராமல் காட்டிவிடுங்கள்.